இடப்பக்கத் திருகு

"அடுப்படியைப் பார்க்கணுங்க."

கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை பூவரசன் தன் அம்மாவைப் பார்த்தான். அவனிடம் எது கேட்டாலும் முதலில் அங்கேதான் பார்ப்பான்.

மன்னார்புரத்தில் பஸ் ஏறியது முதல் காவிரிப் பாலம் தாண்டும் வரைக்கும் அம்மா இரண்டே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். "அதைக் காட்டு, இதைக் காட்டுன்னு வாயைத் தொறந்து கேட்டுடாத. பாக்க வேண்டியத அப்பா பாப்பாரு. அப்பறம், அந்தப் பீச்சாங்கையை மடியிலயே வச்சுக்க. தண்ணி குடுத்தாகூட சோத்துக்கையிலதான் வாங்கணும்."

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணைக் கூட்டிப்போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நான் அடம்பிடித்துத்தான் வந்தேன். வராமல் எப்படி இருக்க முடியும்? வரன் வந்ததிலிருந்தே எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. பையன் ஆறு வருஷம் ஷார்ஜாவில் வேலை பார்த்தவன், இப்போது ஸ்ரீரங்கத்தில் சொந்தமாக செல்போன் கடை. அப்படிப்பட்டவர்கள் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் மருதையின் மகள் மலரை ஏன் இவ்வளவு அவசரமாகக் கேட்கிறார்கள்? "ஷார்ஜாவுல எடுத்த போட்டோ ஏதாச்சும் அனுப்புங்களேன்" என்று போனில் கேட்டேன். பழைய போன் தொலைந்துவிட்டது என்றான். செல்போன் கடை வைத்திருப்பவன் சொல்கிற பதிலா இது?

அப்பாவிடம் சொன்னேன். "படிச்ச புள்ளைக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றார். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லுவார். நான் கேள்வி கேட்டால் அதையே குறையாகவும் சொல்லுவார்.

தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை. முன்பே ஏதாவது நோய் இருந்ததா என்று கேட்பதுதான் நாள் முழுக்க என் பிழைப்பு. சுகர் மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே "ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். அந்த "ஒண்ணும் இல்லீங்க" எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். பூவரசனின் அம்மா பவுனம்மாள் அந்தக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"அடுப்படியில என்னம்மா இருக்கு பாக்கறதுக்கு? பாயசம் ஆயிட்டிருக்கு. சாப்புட்டு கை நனைச்சிட்டுப் போங்க, ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுக்கலாம்" என்றார்.

இன்னொரு அவசரம். சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்லும் வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டோம். ஒரு டம்ளர் பாயசம் குடித்தாலும் பேச்சு முடிந்ததாகத்தான் அர்த்தம். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் கெட்ட பெயர் பெண்ணுக்குத்தான்.

"பாயசம் செய்யறதையே பாக்கறேங்க" என்று எழுந்துவிட்டேன். அம்மாவும் பின்னாலேயே வந்தாள், என் இடது கையைக் காவல் காக்க.

அடுப்படி துடைத்துவிட்டது போல இருந்தது. அடுப்பில் சேமியா வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் திறக்காத கெட்டிப்பால் டின். அதற்கு மேலே கொக்கியில் ஒரு டின் கட்டர் தொங்கியது. நம் கடைகளில் விற்கிற தகர சாமான் இல்லை. இரண்டு பிடியும் கனமான ஸ்டீல், அறுக்கிற சக்கரத்தில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. திருகில் மட்டும் கட்டைவிரல் படுகிற இடத்தில் பளபளப்பு போயிருந்தது.

நான் பார்ப்பதைப் பவுனம்மாள் பார்த்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது. "ஃபாரின் சாமான். தம்பி அங்க வாங்குனது. பாவம், தனியா டின்னு டின்னா தொறந்து தின்னுட்டுக் கெடந்தான். எத்தனை வருசமானாலும் ஒண்ணும் ஆவாது. இதையெல்லாம் தூக்கிப் போட மனசு வருமா?"

கொக்கியிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வலது கையில்தான். கையில் பிடித்ததும் புரிந்துவிட்டது. எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று இடது கைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்; பள்ளிக்கூடக் கத்தரிக்கோலில் ஆரம்பித்துப் பட்டுக்கொண்டேதானே வருகிறோம். எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் இருக்கிற டின் கட்டரை இடது கையால் திருகப் போய் வாங்காத திட்டில்லை. அதை இடது கையில் இறுக்கிப் பிடித்து, வலது கையால் திருக வேண்டும். இது அப்படியே நேர்மாறு. திருகு இடப்பக்கம்.

"பூவரசன், கொஞ்சம் வர்றீங்களா?" கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். பெயர் சொன்னதற்கு அம்மா இன்னொருமுறை கிள்ளினாள்.

அவன் வாசற்படியில் வந்து நின்றான். "இதுலதான ஆறு வருசம் தொறந்தீங்க? பாயசத்துக்கு டின் தொறக்கணுமாம்."

சிரித்துக்கொண்டே வாங்கினான். இடது கையில் பிடித்து டின் விளிம்பில் மாட்டினான். திருகு அந்தப் பக்கம் போய்விட்டது. கையைத் தூக்கி மேலே கொண்டுவந்தான், எட்டவில்லை. டின்னைத் திருப்பி வைத்தான். இரண்டு கையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. சக்கரம் வழுக்கி மேடையில் ஒரு கோடு போட்டது.

"பழக்கம் விட்டுப் போச்சு" என்றான்.

"கை மாறிப் போச்சுன்னு சொல்லுங்க. உங்க வீட்ல இடது கைப் பழக்கம் யாருக்குங்க?"

"யாருக்கும் கெடையாது" என்று பவுனம்மாள் முந்திக்கொண்டார். "எங்க வகையறாவுலயே அப்படி ஒருத்தரும் இல்ல."

நான் தாவணிக் காலத்திலிருந்து மடியில் ஒளித்து வைத்த கையை எடுத்தேன். வலது கையில் பிடியை இறுக்கி, இடது கையால் திருகினேன். சக்கரம் எண்ணெயில் ஓடுவது போல ஓடியது. திருகில் பளபளப்பு போயிருந்த இடத்தில் என் கட்டைவிரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. எனக்கு முன்னால் ஒருத்தியின் விரல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

"அடக் கடவுளே, இதுவும் பீச்சாங்கையா" என்றார் பவுனம்மாள். கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டார். "ஏண்டா, ஒரு பீச்சாங்கைக்காரியைக் கட்டி வச்சு நாம பட்டது போதாதா?"

சேமியா பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்க யாருக்கும் கை வரவில்லை. நான்தான் அணைத்தேன்.

"அம்மா, சும்மா இரு" என்றான் பூவரசன்.

"அவங்க இப்பதான் உண்மைய பேசறாங்க, பேசட்டும். அந்தப் பொண்ணு பேரென்ன?"

தரையைப் பார்த்தான். "தேவதர்ஷினி. எல்லாம் முடிஞ்ச மாதிரிதான் மலர். டைவர்ஸ் கேஸ் இன்னும் ரெண்டு வாய்தாவுல..."

"அப்ப முடியல."

"சொன்னா யாரு பொண்ணு குடுப்பா?" என்றார் பவுனம்மாள். அழுகையும் இல்லை, வெட்கமும் இல்லை. நியாயம் கேட்கிற குரல். "அவ துணிமணி, போட்டோ எல்லாத்தையும் குடுத்து அனுப்பிட்டோம். ஒண்ணு மிச்சமில்ல."

"நல்ல சாமான்னு இதை மட்டும் வச்சுக்கிட்டீங்க."

சத்தம் கேட்டு அப்பா வாசற்படிக்கு வந்திருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தம்பி, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. மூட்டை தூக்கும்போது இருக்கிற பலம் அவருக்கு இது மாதிரி இடங்களில் இருப்பதில்லை.

அம்மா என் காதோரம் வந்தாள். "வீட்டுல போயி பேசிக்கலாம்டி. மரியாதைக்கு ஒரு வாய் பாயசம் குடிச்சுட்டு எந்திரிச்சுடுவோம்."

"குடிச்சா முடிஞ்சுதும்மா. உனக்குத் தெரியாதா?"

"ஊரு என்ன சொல்லும்?"

"பொண்ணு பீச்சாங்கைன்னு சொல்லும். சொல்லட்டும்."

பவுனம்மாள் வழியை மறிப்பது போல நின்றார். "பாரும்மா, அவளும் இப்படித்தான். எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி. படிச்ச திமிரு."

இதுவரை தெரியாத ஒரு பெண்ணின் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. அவள் எதற்காகப் போனாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டாலும் இந்த வீட்டில் யாரும் சரியான பதில் சொல்லப்போவதில்லை.

டின் கட்டரைக் கழுவித் துடைத்தேன். கொக்கியில் மாட்டவில்லை. பூவரசனின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன். "அவங்க அட்ரஸ் உங்களுக்குத் தெரியும்ல. இது அவங்களோடது, கூரியர்ல அனுப்பிடுங்க."

அவன் வழக்கம்போல அம்மாவைப் பார்த்தான்.

கூடத்தில் வரிசையாக டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவற்றைத் தாண்டி வந்து செருப்பை மாட்டினேன். "அப்பா, நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்" என்றேன். பதில் வருவதற்குள் தெருவுக்கு வந்துவிட்டேன். கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.