பிறீசரில் ஆறாத கடிதங்கள்

எகிப்தில் இறந்து ஆயிரத்தெழுநூறு வருடத்துக்கு மேலான ஒரு கிறிஸ்தவ வேதசாத்திரி தன் மாணவிக்கு எழுதிய கடிதங்கள், டென்மார்க்கில் சிவப்புத் தபால்பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போன வருடம் ஓல்போர்க்கில் அந்தோனிதாசன் வீட்டுக்கு வரத் தொடங்கின. உறையில் ஷாமிலா என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. முத்திரை இல்லை. உறையைத் தட்டினால் கொஞ்சம் மணல் கொட்டும். மனைவி மரியநாயகி அதைக் கூட்டியெடுத்து, பனியில் வழுக்காமல் இருக்க வாசற்படியில் தூவினாள்.

அந்தோனிதாசனுக்கு ஷாமிலாவைத் தெரியும், தெரிந்ததுதான் கரைச்சல். மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவர் அவர். பிள்ளைகள் டேனிஷில் கேட்பார்கள். விளங்காத டேனிஷுக்கும் நம் ஆட்கள் "யா, யா" என்று தலையாட்டிச் சமாளிப்பது போல அவரும் சமாளிப்பார். பன்னிரண்டு வயதில் ஷாமிலா எழும்பி நீளமாக ஒன்று கேட்டாள். தலையாட்டிப் பார்த்தார், அவள் உட்காரவில்லை, பதிலுக்காக நின்றாள். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "உப்பிடிக் கேக்கிறது பாவம், முழங்காலில நில்லு" என்றார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் வகுப்புக்கும் வரவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. சனம் பெட்டையைத்தான் குறை சொன்னது. அவர் வாயே திறக்கவில்லை.

முதல் கடிதத்தைப் பிரித்தபோதுதான் அவள் கேட்டது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால் நாம் ஏன் செபிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டதே ஒரு செபம்தான் மகளே, கேட்பதை விட்டுவிடாதே என்று அந்த வேதசாத்திரிக் கிழவர் எழுதியிருந்தார். அடுத்தவர் கடிதத்தை உடைத்த வெட்கம் ஒரு பக்கம், இந்தக் கேள்விக்கா பிள்ளையை முழங்காலில் விட்டேன் என்ற வெட்கம் மறுபக்கம். மனுசன் கூனிக்குறுகிப் போனார். வந்த கடிதங்களெல்லாம் கையைச் சுட்டன; பிறீசரில் மீனுக்கு அடியில் ஒளித்தார். அவை ஆறவில்லை, மேலே இருந்த மீன்தான் அவிந்தது. புருசனும் பெண்சாதியும் குளிர்காலம் முழுக்க அவிந்த மீனைச் சாப்பிட்டார்கள், அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கடைசியாக ஒரே வரியில் ஒரு கடிதம் வந்தது: நான் எழுதியது உன்னைப் புண்படுத்திவிட்டதா மகளே, ஏன் பதிலே இல்லை? தான் விட்ட பிழைக்கு அந்தக் கிழவர் வருந்துவதை அந்தோனிதாசனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஓகூஸ் நகரத்துக்கு பஸ் ஏறினார். ஷாமிலா அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. கன்ரீன் மேசையில், இன்னும் சூடாக இருந்த கடிதக் கட்டை வைத்தார்.

"பிள்ளை, அண்டைக்கு நீ கேட்டது எனக்கு விளங்கேல்லை. டேனிஷ் விளங்கேல்லை. பாவமெண்டு சொன்னது பொய்."

"எனக்கு அப்பவே தெரியும், மாஸ்ரர்," என்றாள் ஷாமிலா. "விளங்கேல்லை எண்டு சொல்லுவியள், தமிழில திருப்பிக் கேப்பம் எண்டுதான் நிண்டனான்."

அவள் கடிதங்களை எடுத்துக்கொண்டாள்; மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

அடுத்த கடிதம் அந்தோனிதாசன் பெயருக்கு வந்தது, முழுக்க டேனிஷில். அவர் ஷாமிலாவுக்குப் போன் எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒவ்வொரு வரி முடியவும், "விளங்கேல்லை பிள்ளை," என்றார். அவள் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். மரியநாயகி வாசற்படியில் மணல் தூவிக்கொண்டிருந்தாள்.