கிழியாத வரிச்சீட்டுகள்

"கிட்டங்கியிலருந்து தினம் ஒரு கட்டு தீப்பெட்டி, மாமாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வருவியா, பூமாரி?"

அய்யாத்துரை அத்தான் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டது இதுதான். எதற்கு என்று திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெரியவளானதும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அத்தை மகனோடு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் சந்தேகம் வந்தது. விற்கப் போகிறாரோ?

ஆந்திரா தனியாகப் பிரிந்ததற்கு அடுத்த கோடை அது. ராயபுரத்தில் எங்களுக்கு மாடியில் வீடு, கீழே சரக்கு அடுக்கும் கிட்டங்கி. சாத்தூர்ப் பக்கமிருந்து சரக்கு ரயிலில் வரும் தீப்பெட்டிகளை அப்பா கடைகளுக்கு மொத்தமாகப் போட்டுவந்தார். கிட்டங்கிச் சாவி சித்தப்பா ஆறுமுகநயினாரின் இடுப்பில் இருக்கும். மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டு போவது என் வேலை. அவர் கை கழுவப் போகும்போது ஒரு கட்டை எடுத்துக் கூடைக்குள் போட்டுக்கொள்வேன்.

அத்தான் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் புள்ளியியல் தாளில் மட்டும் தவறிவிட்டார். இந்தத் தடவையும் போச்சுன்னா ஊருக்குப் போய்த் தராசைப் பிடி என்று அப்பா சொல்லியிருந்தார். பரீட்சையன்று, தானே எண்ணிக் கணக்கெடுத்து வரைந்த படம் ஒன்றையும் கொடுக்க வேண்டுமாம். எதை எண்ணுவது என்று யோசித்தவருக்குக் காலடியில் தீப்பெட்டிதான் கிடைத்திருக்கிறது. மாமாவிடம் சொன்னால் சரக்கைப் பிரிக்க விடமாட்டார் என்று பயந்துவிட்டார்.

மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருக்கிற சாக்கில் நான் குச்சிகளை எண்ணி ஜன்னல் வழியாகச் சொல்வேன். அறைக்குள் உட்கார்ந்து அவர் கோடு போடுவார். நான்கு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும். எண்ணிய பெட்டிகளைப் பரீட்சை முடிந்ததும் திருப்பி வைப்பதாக ஏற்பாடு.

ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் சர்க்கார் வரிச்சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்காமல் பெட்டி திறக்காது. பெரும்பாலும் தாறுமாறாகக் கிழியும். சிலது மட்டும் நகத்தை வைத்ததும் முழுசாகக் கழன்று வந்தது. அழகாக இருக்கிறதே என்று அவற்றை அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்தேன்.

பெட்டியின் மேல் அறுபது குச்சி என்று அச்சடித்திருந்தது. ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும், மொத்தமாகப் பார்த்தால் அறுபதைச் சுற்றிக் குவிந்து இரண்டு பக்கமும் சரிய வேண்டும் என்றார் அத்தான். அவர் வரைந்த படத்தில் இரண்டு குவியல் வந்தது. ஒன்று அறுபதில். இன்னொன்று, சின்னது, ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே.

"நீ ஒழுங்காத்தான் எண்ணுனியா?" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவரே மறுபடி எண்ணினார். மாறவில்லை. இந்தப் படத்தைக் கொடுத்தால் பொய்க் கணக்கு என்று வாத்தியார் நினைப்பார் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் போகவே இல்லை. எனக்கும் அவர்மேல் போகவில்லை. தீக்குச்சிக்கும் பி.ஏ.வுக்கும் என்ன சம்பந்தம்?

கைவண்டிக்காரர் பக்தவச்சலம் சாக்கு உலர்த்த மாடிக்கு வந்தபோது பார்த்துவிட்டார்.

"இன்னா பாப்பா, குச்சிய எண்ணிகினு கீற? இத்தப் படிக்கத்தான் உங்க அத்தான் மெட்ராசுக்கு வந்துகீறாரா?" என்று சிரித்தார். கீழே போயும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நான் சோறு கொண்டு போனால் கூடையைத் துழாவினார். பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அத்தான் குளிக்கப் போன நேரம் பார்த்து அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிச் சாக்கை இழுத்து வந்து அப்பா முன்னால் கொட்டினார். பெட்டிகளைத் திறந்து முழுச் சீட்டுகளாகப் பொறுக்கி வரிசையாக வைத்தார்.

"பாத்தீங்களாண்ணே, கிழியாத சீட்டா சேத்து வச்சிருக்கான். வரி கட்டாத பெட்டியில ஒட்டி விக்கத்தான். நாளைக்கு எக்சைஸ்காரன் வந்தா வெலங்கு ஒங்க கைக்குத்தான்."

ஈரத் தலையோடு ஓடிவந்த அத்தான் பரீட்சைக்காக என்று தொடங்கினார்.

"எந்தப் பரீட்சையில தீக்குச்சிய எண்ணச் சொல்லுதான்?" என்றார் அப்பா. "சாயங்காலம் ரயிலுக்குக் கெளம்பு."

படத்தை நீட்டி அத்தான் ஏதேதோ சொன்னார். அப்பா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது.

"நான்தாம்ப்பா பிரிச்சேன். மத்ததெல்லாம் கிழிஞ்சு போச்சு. இது மட்டும் தானா கழண்டு வந்துச்சு."

அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டை எடுத்து, திருப்பி, பின்பக்கத்துப் பசையை நகத்தால் சுரண்டினார். அது மாவாக உதிர்ந்தது. கம்பெனியில் ஒட்டுகிற சீட்டு அப்படி வராது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இது யாரோ கழற்றி, மாவுப்பசையால் மறுபடி ஒட்டியது. தீப்பெட்டியோடே காலம் தள்ளியவருக்கு அது தெரியாததல்ல.

முழுச் சீட்டு இருந்த பெட்டிகளை மட்டும் எண்ணச் சொன்னார். தரையில் உட்கார்ந்து எண்ணினேன். எல்லாவற்றிலும் குச்சி குறைந்தது. அத்தான் குனிந்து தன் படத்தைப் பார்த்தார். சின்னக் குவியல் முழுதும் என் மடியருகே கிடந்தது. பெட்டிக்குச் சில குச்சியாக ஏழெட்டுப் பெட்டியில் உருவினால், திருட்டுத்தனமாக விற்க இன்னொரு பெட்டி நிரம்பிவிடும்.

பக்தவச்சலம் வாசலில் வண்டிச் சீட்டோடு காத்திருந்தார். நம்ம கிட்டங்கியில் பசை காய்ச்சுவது யார் என்று அப்பா அவரிடம் கேட்டார்.

"சின்ன மொதலாளிதான் நைனா மைதா காச்சச் சொல்லுவாரு. ஊர்ப்பேரு காயிதம் ஒட்டன்னு நென்ச்சிகினேன்," என்று சித்தப்பாவைக் கைகாட்டினார் பக்தவச்சலம்.

எங்கள் சரக்கில் ஊர்ப்பேர் காகிதம் ஒட்டுவதே கிடையாது. தூரிகையால் சாக்கின் மேல் எழுதுவார்கள்.

"அத்தானுக்குச் சோறு போடு, தாயி," என்றார் அப்பா. "சாப்பிட்டுட்டுப் படிக்கட்டும்."

பிறகு தம்பியின் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினார். சித்தப்பா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கிப் போனார்.