இரண்டு மணி நேரப் பயிற்சி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம்தான். அந்த அரைமணியில் சாப்பிட வேண்டும், கழிப்பறை வரிசையில் நிற்க வேண்டும், அதோடு இன்றைக்கு அரசாங்கம் அனுப்பிவைத்த நிதி அறிவையும் பெற்றுக்கொள்ள வேண்டும். டீச்சருக்குக் கிடைத்தது இருபது நிமிஷம்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஏழை எளியவர்களுக்குப் பண விஷயம் புரிய வேண்டும் என்று அரசாங்கம் போட்ட திட்டத்தில், ஒப்பந்தச் சம்பளத்துக்கு ஊர் ஊராக வகுப்பெடுப்பவள். நாலு வருஷமாக ஒரே பேச்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். மாச வட்டியை வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொதிகலன் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எதிரே துணி மூட்டைகளின் மேல் ஐம்பது பெண்கள். முன் வரிசையிலேயே ஒருத்தி உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். டீச்சருக்குக் கோபம் வரவில்லை, பொறாமையாகத்தான் இருந்தது.

ஐம்பது கையெழுத்து விழுந்தால்தான் ஒரு வகுப்பு கணக்கில் ஏறும். இன்று வருஷத்தின் கடைசி வேலை நாள். இந்த ஒரு வகுப்பு ஏறினால் அவளுடைய இலக்கு முடியும், ஒப்பந்தம் இன்னொரு வருஷம் ஓடும். ஏறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். வீட்டுக்காரர் முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாசமாகப் படுக்கையில் கிடக்கிறார். அதனால்தான் ஐம்பது பேர் இருப்பார்களா என்று சலவைக்கூடச் சூப்பர்வைசரிடம் மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் வேனிலிருந்து பேனரையே இறக்கினாள்.

போட்டோ எடுத்தாகிவிட்டது. வருகைத் தாள் கை மாறிக் கை மாறி, நாற்பத்தொன்பது கையெழுத்தோடு கடைசி ஆளிடம் போய் நின்றுவிட்டது. படுக்கை விரிப்பு மடிக்கிறவள் அவள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் கூடம் முழுக்க அவளுக்குக் கண்ணாடியக்கா என்றுதான் பெயர்.

"அக்கா, சீக்கிரம். மணி அடிச்சிடுவாங்க."

"இரும்மா, படிச்சிட்டிருக்கேன்."

"அதுல ஒண்ணுமில்லக்கா. நீங்க வந்தீங்கன்னு ஒரு அடையாளம், அவ்வளவுதான்."

"வந்தேன்னு மட்டுமா போட்டிருக்கு? ரெண்டு மணி நேரம் பயிற்சி எடுத்துக்கிட்டேன், புத்தகம் வாங்கிக்கிட்டேன்னு இருக்கே. நீ பேசினது இருபது நிமிஷம். நல்லாத்தான் பேசின. புத்தகம் எங்க?"

புத்தகம் அச்சகத்திலிருந்து வரவில்லை. போன வருஷமும் வரவில்லை. தாளில் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் போட்டாச்சு. உனக்கு மட்டும் என்ன தனியா?" என்றார் சூப்பர்வைசர்.

"அவங்க படிக்கலண்ணே. படிக்காம போடாதேன்னு இந்தப் பொண்ணு இப்பதானே தொண்டை கிழியச் சொல்லுச்சு?"

குத்திக்காட்டவில்லை, உள்ளபடி சொன்னாள். டீச்சருக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு வருஷத்தில் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஆள். இன்றைக்குத்தானா வந்து வாய்க்க வேண்டும்!

வேன் டிரைவர் காதோரம் வந்தார். "நீங்களே ஒண்ணு கிறுக்கிடுங்க மேடம். நமக்கென்ன புதுசா?"

புதுசில்லைதான். ஆள் குறைந்த நாட்களில் இடக்கையால் எத்தனையோ பேராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தாளை வாங்கி மேஜையில் வைத்து, ஐம்பதாவது கட்டத்தில் பேனாவை ஊன்றினாள். கண்ணாடியக்கா தடுக்கவில்லை.

"அடியில என்னமோ பொடி எழுத்துல இருக்கே, அது உனக்காம்மா?"

டீச்சர் குனிந்து பார்த்தாள். 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன். பொய்யெனில் முழுப் பொறுப்பும் என்னையே சாரும். பயிற்சியாளர் கையொப்பம்.' அந்த வரியை அவள் இன்றுதான் படிக்கிறாள். நாலு வருஷத்துத் தாள்கள் எங்கோ ஒரு பீரோவில் அடுக்கியிருக்கும். அத்தனையிலும் அந்த வரிக்குக் கீழே அவள் பெயர். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் இப்படி மாட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று வெட்கமாக இருந்தது.

'இரண்டு மணி நேரம்' என்பதை அடித்து, இருபது நிமிடம் என்று எழுதினாள். 'பெற்றுக்கொண்டேன்' என்பதை அடித்து, தரப்படவில்லை என்று எழுதினாள். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கண்ணாடியக்கா மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு இனிஷியலோடு முழுப்பெயரை நிதானமாக எழுதிக் கொடுத்தாள். மணி அடித்தது.

தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிய இரண்டாவது நிமிஷமே திட்ட அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"என்னம்மா இது, அடிச்சு எழுதியிருக்கு? இதை எப்படி ஏத்துறது?"

"ஐம்பது கையெழுத்தும் இருக்கு சார்."

"இருந்து என்ன பண்ண? வேற தாள்ல சுத்தமா எழுதி அனுப்புங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் தரேன். உங்க வீட்டு நிலைமை தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அவளுக்காகத்தான் சொன்னார்.

"அவங்க எல்லாம் வேலைக்குத் திரும்பிட்டாங்க சார்."

"அவங்க எதுக்கு? வழக்கம்போல நீங்களே போட்டுக்குங்களேன்."

"இனிமே முடியாது சார்."

"ஏன்?"

"படிச்சுட்டேன் சார்."

எதைப் படித்தாள் என்று அவர் கேட்கவில்லை. "அப்ப உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.