காலுறைக்குள் பந்து

தலை அசையக் கூடாது, கண் மட்டும்தான் போக வேண்டும். பவுல்சாமிக்கு இது வேதவாக்கு. ஆழ்வார்பேட்டை டென்னிஸ் கிளப் ஒன்றில் அவன் மார்க்கர். துணையில்லாமல் வரும் மெம்பர்களுக்கு எதிரே நின்று பந்தடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. எப்போதோ வந்துபோன ராணுவக் கோச் ஒருவர் சொன்ன பயிற்சியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டான். பழைய காலுறைக்குள் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டு, முகத்துக்கு முன்னால் ஊசல் மாதிரி ஆட்டுவான். மகள் ஆனி ஒரு கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு மறு கண்ணால் அதைத் தொடர வேண்டும். வலம், இடம், வலம், இடம். பிறகு கட்டு அடுத்த கண்ணுக்கு மாறும். இது முடியாமல் அவள் மட்டையைத் தொட முடியாது.

நல்ல பயிற்சிதான், யார் இல்லையென்றது? போன மாதம் பவுல்சாமி அடித்த பந்தே ஆனியின் இடது கண்ணில் போய் விழுந்ததுதான் போதாத காலம். வீக்கம் வடிந்தது. கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு ஓரத்தில் கறுப்புத் துணி தொங்குகிறது என்றாள்.

"எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்யா," என்று கிளாடிஸ் புருஷனிடம் தலையிலடித்துக்கொண்டாள். "வயசுப் புள்ள."

"போனா இன்னா சொல்லுவான்? ஆடாதம்பான். செலக்‌ஷன் முடியட்டும்டி. கண்ணு சோம்பேறியாப் பூட்ச்சு, அவ்ளோதான். வேலை குட்த்தா தானா வழிக்கு வரும்."

பாவி மனுஷன்! மாநில ஜூனியர் அணியில் மகள் சேர்ந்துவிட்டால் நாளைக்கு ரயில்வேயில் வேலை, ஊரானுக்குப் பந்தடித்துக் கொடுக்கும் பிழைப்பு தன்னோடு ஒழியும் என்று ஒரே பிடிவாதம். பயிற்சியை இரட்டிப்பாக்கினான். சாந்தோம் வீட்டில் விடியற்காலையில் ஆட்டினான், சாப்பாட்டுக்கு முன்னாலும் ஆட்டினான். ஒரு நாள் ஆனியே, "இப்ப நல்லாத் தெரியுது நைனா," என்றாள். கோயிலுக்கு ஓடி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினான். நம்பினானா என்றால், நம்பாமல் அவனுக்கு வேறு வழியில்லை. தூக்கம் மட்டும் போனது போனதுதான்.

செலக்‌ஷன் அவன் கிளப்பிலேயே நடந்தது. செயலாளர் வேதாந்தம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோர்ட் ஓரமாக மகளை நிறுத்திப் பவுல்சாமி பந்தை ஆட்டினான். வலது கண் சுத்தமாகத் தொடர்ந்தது. கட்டை மாற்றினான். இடது கண்ணும் போயிற்று, வலம், இடம், வலம், இடம், இம்மி பிசகாமல். சேசுவே, தப்பிச்சேன் என்று இன்னொரு கையால் சிலுவை போட்டுக்கொண்டான்.

"பவுல்சாமி! நெட் தொய்ஞ்சு கெடக்கே, பார்க்கப்படாதோ?" என்றார் வேதாந்தம்.

"தோ வந்துட்டேன் சார்!" என்று அவர் பக்கம் திரும்பினான். கை நின்றது. பந்தும் ஆடாமல் தொங்கியது. பிறகு மகளைப் பார்த்தான்.

ஆனியின் இடது கண் இன்னும் போய்க்கொண்டிருந்தது. வலம், இடம், வலம், இடம். தலை அசையவில்லை. உதட்டில் சின்னதாக ஒரு சிரிப்பு வேறு.

"கரீட்டா பாக்குறேனா நைனா?"

பவுல்சாமி கைக்குட்டையைப் பிடுங்கினான். வெளிச்சம் பட்ட வலது கண்ணால் அவள் முதலில் பார்த்தது அசையாத பந்தைத்தான். மாட்டிக்கொண்டோம் என்று புரிந்துவிட்டது.

"எத்தினி நாளாடி இப்டி?"

"அத்த வுடு. நீ படுற பாடு தாங்காமத்தான் தெரியுதுன்னேன்." அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாள் ஆட வுட்டுரு நைனா. இவ்ளோ நாளு ஒத்தக் கண்ணுலதான ஆடிக்கினு கீறேன்? உன் கால்ல வுழுறேன்."

"அடுத்தது ஆனி!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அப்போதும் ஒரு கணம் யோசித்தான் அந்த மனுஷன். ஒரு ஆட்டம்தானே, முடித்துவிட்டே போனால் என்ன? உடனே தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான்.

"அவ ஆடமாட்டா சார்!" என்று கத்தினான். கிளப்பே திரும்பிப் பார்த்தது.

ஆனி மட்டையை அவன் மேல் விட்டெறிந்தாள். வரமாட்டேன் என்று கதறினாள், அடித்தாள். தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற ஆட்டோவில் ஏற்றி, தானும் அவள் வலப்பக்கம் ஏறிக்கொண்டான்.

"எழும்பூர் கண்ணாஸ்பத்திரி, சீக்கிரம் வுடுப்பா," என்றான்.

வண்டி கிளம்புவதற்குள் ஆனி கீழே இறங்கினாள். ஓடிவிடப் போகிறாள் என்று அவன் பதறினான். அவள் ஓடவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, அவனை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். இப்போது அவன் அவளுக்கு இடது பக்கம். வழியெல்லாம் அவன் என்னென்னவோ சொல்லி அழுதான். அவள் நேராகப் பார்த்தபடி வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க அவள் தலையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.