கேட்காமல் மாற்றிய கம்ப்யூட்டர்

பஸ் டிரைவருக்கு முதுகு அரித்தால், அதைக் கம்ப்யூட்டர்தான் வீட்டுக்குச் சொல்லும். பக்கவாதம் வந்து கட்டிலில் விழுந்தவருக்குப் பேச்சும் போய்விட்டது. ஆட்காட்டி விரல் ஒன்றுதான் மிச்சம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது அவர் பட்டனை அழுத்துவார். ‘டீயில் சர்க்கரை இல்லை’ என்று எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆனாலும் விடமாட்டார். ‘உன் தம்பி வருகிறான், பர்ஸை ஒளித்து வை’ என்று அவர் எழுதிய அன்று, மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தத் தம்பிக்குக் கம்ப்யூட்டர் கடையில் வேலை.

“இந்தப் பழைய சிஸ்டத்தோட இன்னமும் மாரடிக்கிறியேக்கா! இது ஆன் ஆகுறதுக்குள்ள குளிச்சிட்டே வந்துடலாம். செஞ்ச கம்பெனிக்காரனே கைகழுவிட்டான். வைரஸ் வந்தா கேக்க நாதியில்லை. நீ பேங்க் கணக்கு வேற இதுலதான் பாக்குற. புதுசு போட்டா சும்மா பறக்கும்.”

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவளுக்கும் ஆசைதான். “சரி, போட்டுக் குடுடா” என்றாள். கட்டிலில் விரல் துடிப்பதை அவள் பார்த்தாள். கொசுவாக இருக்கும் என்று ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

தம்பி கம்ப்யூட்டரில் இருந்த பழைய சாஃப்ட்வேரையெல்லாம் துடைத்துவிட்டுப் புதுசைப் போட்டான். கண்மூடித் திறப்பதற்குள் திரை பளிச்சென்று வந்தது. டிரைவர் எழுதிவந்த புரோகிராமின் சிடியைப் போட்டால் மட்டும், இந்த சிஸ்டத்தில் ஓடாது என்று ஒரு வரி வந்து நின்றது. பதறிப்போய்ப் பழையதையே திரும்பப் போட்டான். இப்போது புரோகிராம் அனுமதி எண் கேட்டது. அதைத் தரவேண்டிய கம்பெனியை இழுத்து மூடி வெகுகாலம் ஆகியிருந்தது.

வேறு புரோகிராம்களைத் தேடிப் பிடித்தான். ஒன்றில், எவ்வளவு மெதுவாக்கினாலும் எழுத்துகள் அவர் விரலுக்குக் காத்திருக்கவில்லை. இன்னொன்றில் வரிசையே வேறு. சில நாள் முட்டி மோதிப் பார்த்த டிரைவர், பிறகு திரையைக் கண்டாலே கண்ணை மூடிக்கொண்டார்.

ஒருநாள் மாலை அவர் முனகத் தொடங்கினார். கண்ணோரம் நீர் வழிந்தது. ஆமாம் என்றால் விரலைத் தூக்கச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள். “தலையா? வயிறா? காலா? தலையணை குத்துதா?” தெரிந்த கேள்வியெல்லாம் தீர்ந்துபோனது. விரல் எழவில்லை.

தம்பி வாசலிலேயே நின்றான். “நல்லதுக்குன்னுதான்கா செஞ்சேன்.”

“நல்லதுன்னு நீயும் நானுமே பேசி முடிச்சிட்டோம். மாமாவை ஒரு வார்த்தை கேக்கலையேடா.”

“அவர்கிட்ட எப்படிக்கா கேக்குறது?”

“அன்னைக்கு அவரால பதில் சொல்ல முடிஞ்சுதேடா!” அவள் அவர் கண்ணோரத்தைத் துடைத்தாள். “படுத்துக் கிடக்குறவங்களுக்கு நாம எது செஞ்சாலும் உதவின்னு நெனைச்சுக்கிறோம். அவங்களைக் கேக்காம செஞ்சா அது உதவி இல்லடா, அதிகாரம்.”

முனகல் நிற்கவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

“தலை வலிக்குதா?”