தண்ணீர் ஏறும் வரை

இட்டோ நல்லவள் என்று எங்கள் பாலைவனச் சோலையில் யாரும் சொன்னதில்லை. கெட்டிக்காரி என்பார்கள், வாய்க்காரி என்பார்கள், கல்நெஞ்சுக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். மூன்றுமே உண்மைதான். அண்ணன் பாஸ்ஸூ மண்ணுக்குள் போன நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பாஸ்ஸூ கெத்தாராவில் இறங்கி வேலை செய்கிறவன். மலையடியில் இருக்கும் தாய்க்கிணற்றிலிருந்து பேரீச்சை மரங்கள் வரை பூமிக்கு அடியிலேயே தண்ணீர் நடந்து வரும் சுரங்க வாய்க்காலுக்குப் பெயர்தான் கெத்தாரா. மேலே வரிசையாகக் கிணற்று வாய்கள் இருக்கும். அவற்றின் வழியாக இறங்கி, அடைத்த மண்ணை அள்ளிப் போட வேண்டும். அந்த வாய்களைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்குள் எவனும் கிணறு தோண்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். சர்க்கார் என்று ஒன்று இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே போட்ட சட்டம் அது.

மோஹா தோண்டினான். அகாதீர் பட்டணத்துக்குப் போய்ப் பணம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் அவன். வந்ததும் மதில் எழுப்பி, உள்ளே தர்பூசணி போட்டான். மழை எட்டிப் பார்க்காத ஊரின் தண்ணீரைப் பச்சைத் தோலுக்குள் அடைத்து லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்பினான். மதிலுக்குள் கொட்டகை, கொட்டகைக்குள் பழப்பெட்டிகள், பெட்டிகளுக்கு அடியில் ஆழ்துளைக் கிணறு. சூரியத் தகடு வைத்த பம்ப்பு உறிஞ்ச உறிஞ்ச, கெத்தாராவில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. அதைத் துரத்திக்கொண்டு பாஸ்ஸூ இன்னும் ஆழமாகத் தோண்டினான். ஈரம் வற்றிப் பொலபொலத்த மண் அவன் தலைமேல் உட்கார்ந்துவிட்டது.

சபை கூடியது. "என் மதிலுக்குள்ள கிணறே கிடையாது, எல்லைக்கு அந்தாண்ட இருக்கற பழைய கிணத்துலேருந்துதான் தண்ணி எடுக்கறேன்" என்று மோஹா சாதித்தான். எங்கள் வழக்கப்படி சொந்தக்காரர்கள் பத்துப் பேரை அழைத்துப்போய், அவர்களும் கூடச் சேர்ந்து தர்காக் கதவில் கை வைக்கச் சத்தியம் செய்தான். அந்தப் பத்துப் பேரில் முதலில் கை வைத்தவர் ஊர்த்தலைவர் ஹத்தூ, அவனுடைய சித்தப்பா. நேர்மையான மனிதர். அண்ணன் மகன் பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவில்லை. சத்தியம் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது. இட்டோ அவனைச் சபித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் ஊருக்கு நல்லது. செய்த காரணம்தான் நல்லதல்ல. நகரத்தில் மின்கருவிப் படிப்பு முடித்துவிட்டு வந்து பெண்களைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் வைத்தாள். மேலே ஓடைகளில் கல்லணை கட்டி மழைத்தண்ணீரை மண்ணுக்குள் இறக்கினார்கள். பேரீச்சம்பழத்தைத் தரகனிடம் கொடுக்காமல் தாங்களே பாகு காய்ச்சி விற்றார்கள். விற்ற காசில் ஒரு பங்கு கெத்தாராவுக்கு என்று சபை விதித்தது. அந்தக் காசில்தான் தலைநகர் ரபாத்திலிருந்து பொறியாளர்கள் வந்து நீர்மட்டம் காட்டும் கருவிகளைக் கிணற்று வாய்களில் இறக்கினார்கள்.

கருவி காட்டும் அளவு சங்கத்துக் கணினிக்கு மட்டும் வரட்டும், கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைக்கலாம் என்றார் ஒரு பொறியாளர். இட்டோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல தண்ணியப் பங்கு போடறது ஓட்டைபோட்ட செப்புக் கிண்ணத்தால. வாய்க்கால் முகத்துல நடு வெளிச்சத்துல வச்சு, எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்க மிதக்க விடுவோம். அது முழுகற வரைக்கும் ஒருத்தன் முறை. கிண்ணத்தத் துணி போட்டு மூடினவன் எவனும் இல்ல. உங்க கருவியும் அப்படித்தான் இருக்கணும்."

"எல்லாருக்கும் இது புரியாதும்மா."

"புரியாதவன் கேட்டுத் தெரிஞ்சுக்குவான். நீங்க அனுப்புங்க."

சபை தலையாட்டியது. தினமும் காலையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஊரில் எல்லார் கைப்பேசிக்கும் செய்தி வரத் தொடங்கியது. அதைப் பார்த்து வாய்க்கால் முறையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். காய்ந்த மரங்கள் சில மீண்டும் குருத்து விட்டன. இட்டோ தண்ணீருக்காக உழைக்கிறாள் என்று ஊர் நினைத்தது. அவள் உழைத்தது மோஹாவுக்காக.

இந்த வருஷம்தான் அவன் மதிலை ஒட்டிய கிணற்று வாய்களிலும் கருவி இறங்கியது. சோதனைக்காக முதலில் அவள் கைப்பேசிக்கு மட்டும் அளவு வந்தது. வெயில் ஏறினால் தண்ணீர் இறங்கியது. வெயில் சாய்ந்தால் மெல்ல ஏறியது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மோஹாவின் ஆட்கள் ஊருக்குப் போயிருந்த நாட்களில் இறங்கவே இல்லை. இட்டோ கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

பேரீச்சம் பறிப்பைத் தொடங்கிவைக்கும் சபை வியாழக்கிழமை. அன்றைக்கே புதிய கருவிகளின் அளவும் எல்லார் கைப்பேசியிலும் திறந்துகொள்ளும். உயிரைப் பறித்துவிட்டுப் பொய்ச்சத்தியமும் செய்தவனை எங்கள் சட்டம் என்ன செய்யும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டை இடிப்பார்கள், ஊரைவிட்டுத் துரத்துவார்கள், அவன் பிணம்கூட இந்த மண்ணுக்குத் திரும்பக் கூடாது. முதல் கல்லை எந்தச் சுவரிலிருந்து பிடுங்குவது என்பதுவரை அவள் யோசித்து வைத்திருந்தாள்.

ஆனால் மோஹாவும் மடையன் இல்லை. மதிலோரம் கருவி இறங்கியதைப் பார்த்தவன், புதன்கிழமை நண்பகலில் நல்ல கிடா ஒன்றை இழுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தான்.

ஒருவர் வாசலில் ஆட்டை அறுத்து ரத்தம் சிந்திக் கேட்டால், கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத வீட்டின் ரொட்டியை ஊரில் எவனும் தொட மாட்டான். மேல்மாடியிலிருந்து பார்த்த இட்டோ விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என் வாசல்ல கத்திய எடுத்தேன்னா தெரியும் சேதி. ஆட்ட இழுத்துக்கிட்டு வந்த வழியே போ."

"எடுத்துட்டேனே, தங்கச்சி" என்றான் மோஹா கதவுக்கு வெளியே.

கதவுக்கு அடியில் ரத்தம் வழிந்து வந்து அவள் காலை நனைத்தது. சூடாக இருந்தது. அவள் நகராமல் நின்றாள்.

"என்ன வேணும் உனக்கு?"

"நாளைக்குச் சபையில என் மேல நீ வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"ஊரே போன்ல பார்க்கப் போகுதுடா."

"பார்க்கட்டும். கோடு ஏறும், கோடு இறங்கும். பார்த்தாப் போதுமா? குத்தம் சொல்ல செத்தவனோட சொந்தம் வேணும்ல. இந்த ஊர்ல அது நீ ஒருத்திதான். நாளைக்கு நீ சும்மா இருந்தா அப்புறம் எப்பவும் வழக்கே இல்ல."

"நீ நல்லா இருப்பியா? நாசமாப் போயிடுவடா."

"திட்டு. திட்ட வேணாம்னு நான் கேக்கல. நாளைக்கு மட்டும் மூடிக்கோ."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. இட்டோ கதவைத் திறந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து அண்ணி இஸ்ஸா வாளியோடு வந்துகொண்டிருந்தாள். பாஸ்ஸூவின் மனைவி. தெற்கே தூரத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவாள். புருஷன் செத்தபோதுகூட அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. இட்டோவும் கேட்கவில்லை. இட்டோ அழுத அழுகையில் அவள் அழுதது யாருக்கும் காதில் விழவில்லை.

இஸ்ஸா ரத்தம் படிந்த வாசல்கல்லைத் தேய்த்துக்கொண்டே, "என்ன கேட்டான்?" என்றாள்.

இட்டோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"உன் வாசல்லயா கேட்டான்?"

"பின்ன யார் வாசல்ல கேப்பான்?"

"சரி" என்று சொல்லிவிட்டு இஸ்ஸா தண்ணீரை ஊற்றிக் கழுவினாள்.

மறுநாள் ஜமாஅத் கூடத்தில் ஆண்கள் முன்னாலும் பெண்கள் பின்னாலும் உட்கார்ந்திருந்தார்கள். ஹத்தூ பிஸ்மில்லா சொல்லிப் பறிப்பைத் தொடங்கிவைத்தார். கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. மோஹா முன்வரிசையில் காலை மடித்து உட்கார்ந்து புதினா தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கிண்ணம் மிதக்கிற நேரத்தை எண்ணியே வளர்ந்த ஜனங்கள் ஒரு கோட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. அகாதீரில் ரொம்ப நாள் இருந்துவிட்டான்.

"வெயில் வந்தா இறங்குது, போனா ஏறுது" என்றான் ஒருவன். "பேய்கூட ராத்திரிலதான் வேலை பார்க்கும். இது பகல்ல வேலை பார்க்கற பேயா இருக்கே."

"பெருநாளைக்கு அந்தப் பேய் லீவு போட்டிருக்கு, பாரு" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. பெருநாளுக்கு யார் பம்ப்பு நின்றது என்று எல்லாருக்கும் தெரியும். தலைகள் ஒவ்வொன்றாக மோஹா பக்கம் திரும்பின. ஹத்தூ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் கைப்பேசியைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். தர்காக் கதவில் வைத்த கை.

"குத்தம் சொல்றது யாரு?" என்றார்.

எல்லாரும் இட்டோவைப் பார்த்தார்கள்.

"இட்டோ, உன் அண்ணன் உயிரும்மா. சொல்லு."

அவள் முக்காட்டு நுனியை வாயில் திணித்துக் கடித்தாள். ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொல்வதற்காகத்தான் படித்தாள், சங்கம் வைத்தாள், கல் சுமந்தாள், இத்தனை வருஷம் தூக்கத்தை விற்றாள். கண்ணில் நீர் கொட்டியது. வெறும் ஆத்திரத்தில் வந்த நீர் அது. மோஹா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவ கேக்கறேன். குத்தம் சொல்ல யாரும் இல்லியா?"

"இருக்கேன்" என்று பின்வரிசையிலிருந்து இஸ்ஸா எழுந்தாள். "என் புருஷனக் கொன்னது மோஹாவோட கிணறு."

மோஹா துள்ளி எழுந்தான். "சித்தப்பா, இது வெளியூர்க்காரி. இவளுக்கு இங்க என்ன பேச்சு?"

"வெளியூர்க்காரிதான்" என்றாள் இஸ்ஸா. "அதான் நீ என் வாசலுக்கு ஒரு கோழியக்கூடக் கொண்டு வரல."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஹத்தூ சிரிக்கவில்லை. "செத்தவனுக்குப் பொண்டாட்டியும் சொந்தம்தான். எனக்கு இவனவிட இவதான் சொந்தம்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். ஊர் பின்னால் போனது. மோஹாவின் கொட்டகையில் பழப்பெட்டிகளை அவரே தம் கையால் நகர்த்தினார். அடியில் இரும்புக்குழாய் தெரிந்தது. மோஹா ஏதோ சொல்ல வாயெடுத்தான். "என் கையப் பொய்க் கையா ஆக்கிட்டியேடா" என்று மட்டும் சொன்னார் கிழவர். பிறகு இஸ்ஸா பக்கம் திரும்பினார்.

"தண்டனைய நீதான் சொல்லணும்மா. வீட்ட இடிச்சு ஊரவிட்டுத் தள்ளவா?"

இட்டோ அண்ணியின் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று சொல். ஒரே ஒரு தலையாட்டல்.

"வேணாம்" என்றாள் இஸ்ஸா. "அகாதீர்ல அவனுக்கு வீடு இருக்கு. ஏசி போட்டுத் தூங்குவான். அவன் இங்கயே இருக்கட்டும். தாய்க்கிணத்துல பழைய குறிக்கல்லு இருக்குல்ல, என் புருஷன் நாள்ல தண்ணி அதத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. திரும்ப அதத் தொடற வரைக்கும் இவன் உழைக்கணும். இந்தக் கிணத்த அவன் கையால மூடணும். தர்பூசணி நிலத்துல குளம் வெட்டி மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள இறக்கணும். தகடெல்லாம் சங்கத்துக்கு. தண்ணி முறையில கடைசி முறை அவனுக்கு."

"அது ஏற எத்தன வருஷம் ஆகும்?" என்றான் மோஹா.

"எனக்கென்ன தெரியும்? தண்ணியக் கேளு."

வெளியே வந்ததும் இட்டோ அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சபை முடிந்துவிட்டது, வாய்க்கட்டும் அவிழ்ந்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணினீங்க அண்ணி? கைக்கு வந்தவன விட்டுட்டீங்களே. அவன் ஒழிஞ்சு போறத நான் பார்க்க வேணாமா?"

"நீ அவன் போறதப் பார்க்கணும்னு இருந்த. நான் அவன் இருக்கறதப் பார்க்கணும்னு இருந்தேன்" என்றாள் இஸ்ஸா. "கொஞ்ச நாள் பாரு. பிடிச்சுப்போகும்."

பிடித்துத்தான் போனது. மோஹா கிணற்றை மூடினான். மண்வெட்டி பிடித்துக் கை கொப்புளித்து, கொப்புளம் உடைந்து, காய்த்துப் போனது. தானும் சத்தியம் செய்தவன்தானே என்று ஹத்தூ கூடவே கூடை சுமந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் மோஹாவின் தலை கவிழ்ந்தது. இட்டோ வேலை முடிந்ததும் குளத்துக்கரையில் வந்து உட்கார்ந்து, மடியில் பேரீச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மென்றபடி அவனைப் பார்த்தாள். எந்த விருந்தும் அவளுக்கு அப்படி இனித்ததில்லை. காலையில் கைப்பேசி சிணுங்கினால் ஊர் தண்ணீர் அளவைப் பார்த்தது. அவள் அவனுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று பார்த்தாள். பாக்கி மலைபோல இருந்தது. அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்தக் குளிர்காலத்தில் மலையில் மழை பிடித்தது. ஓடை பெருகி வந்து மோஹா வெட்டிய குளங்களை நிரப்பியது. நிறைந்த தண்ணீர் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போனது. சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் கைப்பேசிகள் சிணுங்கின. தாய்க்கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் ஏறியிருந்தது.

ஊர் தெருவுக்கு வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். முரசு எடுத்தார்கள். இஸ்ஸா தாய்க்கிணற்றுக்குப் போய் எட்டிப் பார்த்து, முகத்தை மூடிக்கொண்டு முதல்முறையாக ஊர் கேட்க வாய்விட்டு அழுதாள். குளத்துக்குள் மோஹா மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சேற்றிலேயே நெற்றி வைத்து ஸஜ்தா செய்தான்.

இட்டோ கைப்பேசியோடு கரையில் நின்றாள். ஒரு முழம். அவனுக்கு ஒரு முழம் குறைந்துவிட்டது. வானத்தைப் பார்த்தாள். மலைமேல் இன்னும் கருமேகம் நின்றிருந்தது. யா அல்லாஹ், போதும், இந்த மழை போதும் என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. என்ன கேட்டோம் என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எந்தத் தண்ணீரைத் தேடிப் பாஸ்ஸூ மண்ணுக்குள் போனானோ, அந்தத் தண்ணீர் ஏறக் கூடாது என்று துஆ கேட்கிறவள் இந்த ஊரிலேயே அவன் தங்கை ஒருத்திதான்.