ஆறு நாளுக்கும் சேர்த்துப் போட்ட இறால்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு டெலிபோனில் வந்தது. அதுவும் என்னைப் பெரிய ஆளென்று நினைத்து ஒருவர் எடுத்த டெலிபோனில்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. நான் அவ்வப்போது எழுதும் ரொறன்ரோத் தமிழ் வாரப் பத்திரிகையில் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் கழன்றுவிட்டது. அரைப் பக்கம் வெறுமை. ஆசிரியர் ஸ்ரீதரன் என்னைப் பிடித்தார்.

"அண்ணை, எதையாவது எழுதித் தாங்கோ. சனத்துக்குப் பிரயோசனமா இருக்கவேணும்."

பிரயோசனமாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. மேசையில், நூலகத்தில் அட்டைப்படத்தைப் பார்த்து ஏமாந்து எடுத்துவந்த ஒரு புத்தகம் கிடந்தது. (கடற்பயணம் பற்றியது என்று நினைத்தேன். வீட்டில் கடல்மீன் வளர்ப்பது பற்றியது.) அதில் நாலு பக்கத்தைத் தமிழாக்கி, 'உப்புத்தண்ணீர் மீன்தொட்டி: சில ஆலோசனைகள்' என்று கொடுத்தேன். கீழே என் பெயர் தடித்த எழுத்தில் வந்தது. அன்றுவரை நான் கிட்ட நின்று பார்த்த கடல்மீன் எல்லாம் குழம்புச் சட்டிக்குள்தான்.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு பெண் டெலிபோன் எடுத்தார்.

"மீன்தொட்டியைப் பற்றி எழுதினவரோ கதைக்கிறது? உங்களுக்கு உதெல்லாம் நல்லாத் தெரியுமெல்லே?"

இல்லை அம்மா, பார்த்து எழுதியது என்று சொல்லவேண்டிய இடம் அது. நான் "ஓம்" என்றேன்.

2

அவருக்குக் குணவதி என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. கணவர், மகள் பெயர்களையும் மாற்றிவிட்டேன். மாற்றாமல் விட்டது ஸ்ரீதரனின் பெயரை மட்டும். மாற்றினால் கோபிப்பார்.

இனிக் கதையைத் தொடங்கவேண்டும். தொடங்கியும் பார்த்தேன்.

"மில்லிக்கனின் கூரைகள்மேல் வெண்பனி மௌனமாக இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலைப்பொழுதில், கண்ணாடிச் சிறையினுள்ளே ஏழு சின்னஞ்சிறு உயிர்கள்..."

(நிறுத்தினேன். மில்லிக்கன் குணவதியின் வீடு இருக்கும் பகுதி. பனி இறங்காமல் நான் ஒரு கதையாவது தொடங்கியிருக்கிறேனா என்று பழைய பிரதிகளைத் தேடினேன். இல்லை. அன்று மழை. நேரமும் காலை.)

"மீனுக்கும் விரதம் உண்டோ என்று குணவதி தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வியின் ஆழத்தில் மானுடத்தின் ஆதி..."

(மானுடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். என் கதைக்குள் மானுடம் புகுந்தால் அதற்குப் பிறகு ஒருவரும் தேத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.)

ஆகவே பத்திரிகைச் செய்திபோல் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

குணவதியின் கணவர் விநாயகமூர்த்தி, பிறம்ரனில் உள்ள ஒரு கம்பனிக்குப் பெரிய றக் ஓட்டுகிறார். வன்கூவருக்குச் சாமான் ஏற்றிப் போனால் திரும்பிவர ஒரு கிழமைக்கு மேல் பிடிக்கும். ஒரே மகள் நிலாணி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருக்கிறார். தாய் தகப்பனோடு சேர்த்து விண்ணப்பிக்க வயது கடந்துவிட்டதால், கனடா வருவதற்குத் தனியே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்.

மனைவி தனிய இருந்து அழுகிறா என்று விநாயகமூர்த்தி ஒரு கடல்மீன் தொட்டியை வாங்கி ஹோலில் வைத்தார். ஏழு மீன்கள். குணவதி முதலில் ஏசினார், பிறகு கதைக்கத் தொடங்கினார். நிலாணியின் டெலிபோன் வந்தால், வைத்துவிட்டு நேரே வந்து மீன்களுக்குத்தான் செய்தி சொல்வாராம்.

அந்த நவம்பரில் கந்தசஷ்டி வந்தது. விரதத்துக்கு நடுவில் நிலாணிக்கு விசா நேர்முகமும் வந்தது. குணவதி மகளுக்காக, ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்று நேர்ந்துகொண்டார். வீடு கழுவினார். பிறிஸரில் இருந்த மச்சம்* முழுவதையும் அயலில் கொடுத்தார். மிஞ்சியது ஒரு பெட்டி உறைந்த இறால். அது மீன்களின் சாப்பாடு.

(*தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்களுக்கு மீன், இறைச்சி எல்லாமே மச்சம்தான்.)

"அப்ப தொட்டிக்குள்ள இருக்கிறது?" என்று கேட்டேன். மீன் நிபுணர் கேட்கக்கூடிய கேள்வி இல்லை.

"வளக்கிறது மச்சமில்லை, அண்ணை. சட்டிக்குள்ள போனால்தான் மச்சம்."

விரதக்காரர் இறாலைத் தொடக்கூடாது. அதுகளைப் பட்டினி போடவும் மனம் வரவில்லை. ஆகவே விரதம் தொடங்குவதற்கு முதல்நாள் குணவதி பெட்டி முழுவதையும் தொட்டிக்குள் கொட்டினார்.

"ஆறு நாளுக்கும் சேர்த்துப் போட்டிட்டன். பசிக்கிற நேரம் எடுத்துத் தின்னுங்கள்தானே எண்டு."

4

எனக்கு அவர் எடுத்தது விரதத்தின் மூன்றாம் நாள். தொட்டிக்கு முன்னால் நின்று கோட்லெஸ் போனில் கதைத்தார்.

"தண்ணி கஞ்சி மாதிரி வந்திட்டுது. இறால் அடியில பூத்துப்போய்க் கிடக்கு. வீடெல்லாம் அழுகல் மணம். அதுகள் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுகள், அண்ணை. எனக்குப் பார்க்க ஏலாமல் கிடக்கு."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு நேரத்துக்கு, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் போடவேண்டும். மிஞ்சியதை உடனே எடுத்துவிடவேண்டும். விட்டால் அழுகித் தண்ணீர் நஞ்சாகும். எல்லாம் நானே தமிழில் எழுதியவை.

"மிஞ்சினதை எடுக்கச்சொல்லிக் கட்டுரையிலயே போட்டனான், அக்கா."

"அதை வாசிச்சனான். மிஞ்சினது எண்டெல்லோ போட்டிருந்தது. இது நாளைக்குத் தின்ன வைச்சது. அதெப்பிடி மிஞ்சினதாகும்?"

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"ஒரு ஹோஸை எடுங்கோ. ஒரு முனையைத் தொட்டிக்குள்ள விட்டு, மற்ற முனையால உறிஞ்சி வாளிக்குள்ள விடுங்கோ. அழுகினதெல்லாம் தண்ணியோட வந்திடும்."

"எதால உறிஞ்சிறது?"

புத்தகத்தில் படம் இருந்தது. ஒரு வெள்ளைக்காரன் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக நின்றான்.

"வாயால," என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "இறால் ஊறின தண்ணி, அண்ணை."

"வாய்க்குள்ள வரமுதல் எடுத்திடலாம்."

"இவர் தொட்டி கழுவிற ஒவ்வொருமுறையும் காறித் துப்பிறவர்."

நான் வரட்டுமா என்று கேட்டேன். நான் இருக்கும் பார்க்டேலில் இருந்து பஸ் மாறி மாறி வருவதற்குள் அதுகள் போய்விடும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார்கள். விநாயகமூர்த்தி மனிற்றோபாவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தார்.

"இப்பிடியே விட்டால்?"

"செத்துப்போகும், அக்கா." அந்தக் காலையில் நான் நிச்சயமாகத் தெரிந்து சொன்னது அது ஒன்றுதான்.

"நாளைக்குப் பிள்ளைக்கு இன்ரவியூ," என்றார். "வாய் வைச்சால் விரதம் போச்சு. வைக்காமல் இருந்து, விரத நாளில ஏழு உயிர் போனால் அதுவும் பாவமெல்லோ? நீங்கள் சொல்லுங்கோ. நான் என்ன செய்ய?"

வேறொரு எழுத்தாளர் இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். நான் புத்தகத்தின் பின்னாலிருந்த சொல்லடைவைப் பார்த்தேன், சத்தியமாக. அமோனியா இருந்தது, உப்பு இருந்தது. பாவம் இருக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று சொல்லிப் போனை எங்கோ வைத்தார். காலடிச் சத்தம் கேட்டது. வாளி நிலத்தில் உரசியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு யாரோ போனை எடுத்து அணைக்கும் சத்தம். வீட்டில் வேறு யாரும் இல்லை, அவர்தான்.

(ஹோஸைப் பைப்பில் பிடித்து முதலில் தண்ணீரால் நிரப்பிக்கொண்டால் வாயே வைக்கத் தேவையில்லையாம். இந்தக் கதையின் முதல் பிரதியை வாசித்துவிட்டு ஸ்ரீதரன் சொன்னார். அவர் வாழ்நாளில் ஒரு மீன்கூட வளர்த்ததில்லை.)

5

ஆண்டிறுதிச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார்கள். டெலிபோன் நின்ற இடத்துக்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதத்தானே எழுத்தாளன்? மூன்று முடிவு எழுதினேன்.

முடிவு அ. குணவதி உறிஞ்சுகிறார், துப்புகிறார், தலைமுழுகிவிட்டுச் சுவாமி அறையில் அழுகிறார். மீன்கள் பிழைக்கின்றன. விசா வருகிறது. (சிறப்பிதழுக்குத் தோதானது. கடைசி வரியில் ஒரு மயில் வந்துவிட்டது. பிடித்து வெளியே விட்டேன்.)

முடிவு ஆ. குணவதி உறிஞ்சவில்லை. மீன்கள் சாகின்றன. விசா வருகிறது. (நான் ரசித்து எழுதியது. ஏழு மீனையும் ஒவ்வொன்றாக, நிறம் நிறமாகச் சாகடித்திருந்தேன். இப்போது வாசிக்க வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இ. குணவதி உறிஞ்சுகிறார். மீன்களும் சாகின்றன. விசாவும்...

(இதை எழுதும்போது எனக்கே பயம் பிடித்துவிட்டது. வசனத்தை முடிக்கவில்லை.)

ஸ்ரீதரனுக்கு அ பிடித்தது. என் மனைவி மூன்றையும் வாசித்துவிட்டு, "அந்த மனிசியிட்டக் கேட்டனீங்களோ?" என்றாள். நான் கேட்கவில்லை.

6

ஒரு சனிக்கிழமை பிரதிகளோடு மில்லிக்கனுக்குப் போனேன். அன்றுதான் குணவதியை நேரில் கண்டேன். தேத்தண்ணீர் தந்து ஹோலில் இருத்தினார். தொட்டி என் கதிரைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே வரும்போது சப்பாத்துக் கழற்றும் அவசரத்தில் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தொட்டியின் மோட்டார் மட்டும் கேட்டது. மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டார் ஓடும்தானே.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "குணவதி என்ர மாமியின்ர பேர். வேற பேர் கிடைக்கேல்லையோ?" என்றார். பிறகு மூன்று முடிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்ரவியூ என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது. இன்னும் மறுமொழி வரேல்லை."

"அன்றைக்கு என்ன நடந்தது, அக்கா? எதை எழுத?"

"உதை மட்டும் எழுதாதையுங்கோ." ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், கெஞ்சினார். "மிச்சமெல்லாம் போடுங்கோ. நான் விசரி மாதிரி இறாலைக் கொட்டினதையும் போடுங்கோ, சனம் சிரிக்கட்டும். வாய் வைச்சனோ இல்லையோ எண்டது மட்டும் வேண்டாம். நான் வாய் வைச்சனான் எண்டு நீங்கள் எழுதி, அவளுக்கு விசா கிடைக்காமல் போச்சுதெண்டால், அம்மாவுக்கு என்னைவிட மீன் பெரிசாப் போச்சுது எண்டு நினைப்பாள். வாய் வைக்கேல்லை எண்டு எழுதி, அவளுக்குக் கிடைச்சுதெண்டால், என்னாலதான் அதுகள் செத்தது எண்டு நினைப்பாள். அவள் அப்பிடித்தான். சின்னனில இருந்தே எல்லாத்தையும் தன்ர தலையில போடுற பிள்ளை."

நான் இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். அந்தக் கதையை ஒரு பிள்ளை வாசித்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அ, ஆ, இ மூன்றையும் அவரிடமே விட்டுவிட்டு எழும்பினேன். கதவை நோக்கித் திரும்பினால் தொட்டி கண்ணில் படும்.

"திரும்பாதையுங்கோ," என்றார். "ஆரும் கேட்டால், தெரியாதெண்டு உண்மையாச் சொல்லலாம்."

நிலத்தைப் பார்த்தபடி வாசல்வரை போனேன். நுழைவறைச் சுவரில் தோளை நன்றாக இடித்துக்கொண்டேன்.

7

வாசகர்களே, கதையின் முடிவை உங்கள் கையில் தருவது என்னைப் போன்றவர்களின் வழக்கம். இம்முறை உங்களுக்கு அதுவும் இல்லை. மனதுக்குள் ஒன்றை முடிவுசெய்திருந்தால் அதை மனதுக்குள்ளேயே வைத்திருங்கள். கடிதமாக எழுதி ஸ்ரீதரனுக்கு அனுப்பவேண்டாம், அவர் அச்சிட்டுவிடுவார்.

நிலாணி, இந்தப் பத்திரிகையை யாராவது ஒரு புண்ணியவான் கட்டாயம் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து உம்மிடம் தருவார். பெயரை மாற்றியும் பிரயோசனமில்லை, இது உம்முடைய அம்மா என்று இரண்டாம் பக்கத்திலேயே உமக்கு விளங்கிவிடும். அன்று அவ என்ன செய்தா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. டெலிபோனில் கேட்காதேயும், சொல்லமாட்டா. வந்து, அந்த ஹோலில் இருந்து, நேரில் கேளும்.